வயர் அறுபடவில்லை என்பதால் ஆவி அடங்கிவிட்டதா?

இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோல் கார், தன் தொட்டியிலிருந்து எரிபொருள் ஆவி வெளியே கசிகிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று மாசு விதிகள் கட்டாயப்படுத்துவதில்லை. ஆவியை எஞ்சினுக்குள் விடும் மின்வால்வின் சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்று கண்காணித்தால் குறைந்தபட்சக் கடமை நிறைவேறிவிடுகிறது. ஐரோப்பிய விதிமுறையைப் பின்பற்றி அமைந்த இந்த வரையறை, பட்டறைகளிலும் பயிற்சிக்கூடங்களிலும் பழுதறியும் முறையையும் தன் அளவுக்குச் சுருக்கிவிட்டது. வயர் சரியா, வால்வு சரியா, விளக்கு அணைந்ததா என்ற மூன்று கேள்விகளோடு வேலை முடிகிறது. ஆவி எங்கே போகிறது என்ற நான்காவது கேள்வி எழுவதில்லை. வண்டி கேட்காத அந்தக் கேள்வியைப் பழுது பார்ப்பவர் கேட்டாக வேண்டும். அவ்வாறு கேட்கும்படி அவருக்குக் கற்பிக்க வேண்டும். இப்பதிவின் வாதம் இதுவே.

இதைப் பேசுவதற்குப் பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் பெருமாட்டியும் அதன் சுற்றுப்புறமும் பொருத்தமான இடங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதி இது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மாவட்டத்தின் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதும் கடப்பதும் உண்டு. மீனாட்சிபுரம், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் சித்தூருக்கும் இடையே வண்டிகள் ஓயாமல் போய்வருகின்றன. தமிழில் பேசி, மலையாளத்தில் விண்ணப்பம் எழுதி, ஆங்கிலத்தில் தொழிற்பாடம் படிக்கும் மாணவர்கள் வாழும் ஊர்கள் இவை. பெட்ரோல் விரைந்து ஆவியாகும் வெயிலும், பழுதறியும் அறிவு மொழி தாண்டி வரவேண்டிய நிலையும் இங்கே ஒருங்கே அமைந்திருக்கின்றன.

அமைப்பு எளிமையானது. தொட்டியில் எழும் ஆவி ஒரு குழாய் வழியே கனிஸ்டர் எனப்படும் கலத்துக்குச் செல்கிறது. அதிலுள்ள செயலூட்டிய கரித்துகள் ஆவியைப் பற்றிக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது இ.சி.யு. என்னும் கட்டுப்பாட்டுக் கணினி, பர்ஜ் வால்வு என்னும் சாலினாய்டு வால்வைத் துடிப்புத் துடிப்பாகத் திறக்கிறது. இன்டேக் பகுதியின் வெற்றிடம் வெளிக்காற்றைக் கரியின் ஊடாக இழுக்க, கரி பற்றி வைத்திருந்த ஆவி எஞ்சினுக்குள் சென்று எரிகிறது. கரி மீண்டும் ஆவியை ஏற்கத் தயாராகிறது. வால்வு திறக்காமற்போனால் கரி நிரம்பிவிடும். அதன்பின் எழும் ஆவி கனிஸ்டரின் காற்றுத்துளை வழியே வெளியேறும். பெட்ரோல் ஆவியில் பென்சீன் உண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள். ஹைட்ரோகார்பன் ஆவிகள் வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோன் உருவாகவும் காரணமாகின்றன.

மின்சுற்றும் எளிமையானதுதான். பேட்டரியிலிருந்து ரிலே, ஃபியூஸ் வழியாக வால்வின் ஒரு முனைக்கு 12 வோல்ட் வருகிறது. மறுமுனையை இ.சி.யு. தன் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் மூலம் எர்த்துடன் இணைத்தும் துண்டித்தும் வால்வை இயக்குகிறது. டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது கட்டுப்பாட்டு வயரில் பேட்டரியின் மின்னழுத்தம் தெரிய வேண்டும். மூடும்போது அது பூச்சியத்தை நெருங்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் தென்படாதபோது இ.சி.யு. ஒரு குறியீட்டைப் பதிவு செய்கிறது. பி0443 என்பது பர்ஜ் வால்வுச் சுற்றில் பழுது என்றும், பி0444 என்பது சுற்று ஓப்பன் என்றும், பி0445 என்பது ஷார்ட் என்றும் பொருள்படும்.

குறியீடு சொல்வது இவ்வளவே: எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த மின்னழுத்தம் இல்லை. ஏன் இல்லை என்பதை அது சொல்வதில்லை. ஓப்பன் என்ற குறியீட்டுக்கு ஃபியூஸ் போயிருக்கலாம், ரிலேயின் தொடுமுனை கருகியிருக்கலாம், மின்சாரம் வரும் வயரை எலி கடித்திருக்கலாம், கப்ளரின் பின் தளர்ந்திருக்கலாம், வால்வின் சுருள் அறுந்திருக்கலாம், இ.சி.யு.வுக்குத் திரும்பும் வயர் துண்டாகியிருக்கலாம், அரிதாக இ.சி.யு.வே பழுதாகியிருக்கலாம். ஏழு சாத்தியங்களில் வால்வு ஒன்று மட்டுமே. ஸ்கேனரில் பர்ஜ் வால்வு என்ற பெயர் தெரிந்ததும் வால்வை மாற்றும் வழக்கம், ஏழு கருதுகோள்களில் ஒன்றைச் சோதிக்காமலே ஏற்றுக்கொள்வதாகும். அந்தச் செலவை ஏற்பவர் வண்டியின் உரிமையாளர்.

முறையான விசாரணை மலிவான சோதனையில் தொடங்குகிறது. இதே ஃபியூஸ் பல வண்டிகளில் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் போன்ற பிற பாகங்களுக்கும் மின்சாரம் தருகிறது. அவற்றின் குறியீடுகளும் உடன் வந்திருந்தால், தனித்தனியாகப் பல பாகங்கள் ஒரே நாளில் கெட்டன என்று நம்புவதைவிட, பொதுவான ஒரு மின்வழி கெட்டது என்று கொள்வதே தர்க்கத்துக்கு உகந்தது. வண்டியின் வயரிங் வரைபடத்தைப் பார்த்து அந்தப் பொதுப்புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் தேவையில்லை. ஆய்வு மாணவர்கள் தரவிலிருந்து காரணத்தை ஊகிக்கும் முறையும் இதுவும் அடிப்படையில் ஒன்றே.

அடுத்து வருவது, பயிற்சிக்கூடங்களில் பெரும்பாலும் பிழையாகக் கற்பிக்கப்படும் இடம். கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்து, 12 வோல்ட் காட்டியதும் மின்சாரம் சரி என்று முடிவு செய்கிறார்கள். மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காத கருவி. பத்து இழைகளில் ஒன்பது அறுந்த வயரும், பச்சை பூத்த தொடுமுனையும் அதற்கு 12 வோல்ட்டைக் காட்டும். ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். வால்வின் சுருள் 24 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சுற்றில் 12 வோல்ட்டுக்கு அரை ஆம்பியர் ஓடும். அரிப்பெடுத்த தொடுமுனை ஒன்று 12 ஓம் தடையைச் சேர்த்தால், மொத்தத் தடை 36 ஓம்; மின்னோட்டம் 0.33 ஆம்பியர், வால்வுக்குக் கிடைப்பது 8 வோல்ட் மட்டுமே. சாலினாய்டின் இழுவிசை ஏறக்குறைய மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே இழுவிசை பாதிக்கும் கீழே போய்விடும்; வால்வு அரைகுறையாகத் திறக்கும் அல்லது திறக்கவே திறக்காது.

இந்த நிலையில் இ.சி.யு. என்ன காணும்? டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது கட்டுப்பாட்டு வயரில் 12 வோல்ட் காணும். மூடும்போது பூச்சியம் காணும். சுற்று தொடர்ச்சியாகத்தான் இருக்கிறது. தொடர்ச்சியை மட்டும் பார்க்கும் கண்காணிப்புக்கு இதில் குறையேதும் தெரியாது, விளக்கும் எரியாது. தொடர்ச்சியை மட்டும் கேட்கும் விதி, மின்சாரத்தைப் பொறுத்தவரையில்கூட முழுக் கேள்வியைக் கேட்கவில்லை என்பது இங்கே வெளிப்படுகிறது.

இதைப் பிடிக்கும் வழி, சுற்றில் சுமையை ஏற்றிச் சோதிப்பது. மின்சாரம் வரும் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே சிறிய டெஸ்ட் லாம்ப் பொருத்தினால், அது மங்கலாக எரிவதே குறையைச் சொல்லிவிடும். வால்வு இயங்கிக்கொண்டிருக்கும்போது, பேட்டரியின் நேர்முனைக்கும் வால்வின் மின்சார முனைக்கும் இடையே மீட்டரை வைத்து மின்னழுத்த இழப்பை அளப்பது இன்னும் துல்லியமானது. கட்டுப்பாட்டு வயரில் மட்டும் அதிக மின்னோட்டம் எடுக்கும் விளக்கைப் பொருத்தலாகாது, இ.சி.யு.வின் டிரான்சிஸ்டர் கெடும். அங்கே எல்.இ.டி. சோதனி போதும். வயரின் உறையில் ஊசி குத்தி அளக்கும் பழக்கமும் கைவிடத்தக்கது. குத்திய துளை வழியே மழைக்கால ஈரம் இறங்கி, அடுத்த ஆண்டின் பழுதை அன்றே விதைத்துவிடும். பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடியது. கனிஸ்டரின் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு அதன் அருகில் மின்பொறி எழும் எந்தச் சோதனையையும் செய்யக்கூடாது.

வெப்பம் இந்த விசாரணையை மேலும் சிக்கலாக்குகிறது. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 விழுக்காடு கூடும். 20 டிகிரியில் 24 ஓம் காட்டும் சுருள், எஞ்சின் அறையில் 90 டிகிரியை எட்டும்போது 30 ஓமைத் தாண்டும். இது இயல்பானது, பழுதன்று. ஆனால் சுருளில் நுண்ணிய முறிவு இருந்தால், குளிர்ந்த நிலையில் சேர்ந்திருக்கும் முனைகள் சூட்டில் விரிந்து விலகும். காலையில் பட்டறைக்கு வரும் வண்டியில் அளவு சரியாக இருக்கும். மதியம் நெடுஞ்சாலையில் விளக்கு எரியும். உரிமையாளர் பொய் சொல்கிறார் என்றோ, ஸ்கேனர் தவறு என்றோ முடிவு செய்யுமுன், பழுது பதிவான நேரத்தின் வெப்பநிலையை ஸ்கேனரில் பார்க்க வேண்டும். சூடான நிலையிலும் ஒருமுறை அளக்க வேண்டும். மலைப்பகுதியில் உருவான பழுதறியும் பழக்கமும் பாலக்காட்டுச் சமவெளியின் பழக்கமும் ஒன்றாக இருக்க முடியாது.

இனி ஆவிக்கு வருவோம். பாரத் நிலை 6 விதிகள் நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி புதிய கார் மாதிரி ஒன்று, மூடிய அறையில் வைத்துச் சோதிக்கப்படும்போது 2 கிராமுக்கு மேல் ஆவியை வெளியிடலாகாது. 2 கிராம் பெட்ரோல் என்பது 3 மில்லிலிட்டருக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டியின் ஏறக்குறையப் பாதி. கடுமையான அளவுதான். ஆனால் அது புதிய வண்டியின் அளவு. இந்தச் சோதனைக்கு மூலமான ஐரோப்பிய முறையில், ஒரு நாளின் வெப்ப ஏற்ற இறக்கமாகக் கொள்ளப்படுவது 20 முதல் 35 டிகிரி வரை. சித்தூர் வட்டத்தின் ஏப்ரல் மாதப் பகல் அந்த எல்லையைத் தாண்டித்தான் போகிறது. பத்தாண்டு ஓடிய வண்டி ஒன்றின் ரப்பர் குழாய் வெடித்து, கனிஸ்டர் நனைந்து, தொட்டி மூடியின் வளையம் தேய்ந்திருந்தால், அங்கிருந்து எவ்வளவு ஆவி வெளியேறுகிறது என்பதை அளக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான சோதனை புகைக்குழாயின் வாயை மட்டுமே முகர்ந்து பார்க்கிறது. தொட்டியின் பக்கம் அது திரும்புவதே இல்லை.

அமெரிக்காவில் நிலை வேறு. 1996 மாதிரி ஆண்டை ஒட்டி, சுமார் 1 மில்லிமீட்டர் துளைக்கு ஈடான கசிவையே வண்டி கண்டறிய வேண்டும் என்ற விதி அங்கு வந்தது. 2000-க்குப் பின் அது அரை மில்லிமீட்டராகக் குறைக்கப்பட்டது. அதற்காகவே அங்குள்ள வண்டிகளில் கனிஸ்டரின் காற்றுத்துளையை மூடும் இன்னொரு மின்வால்வும், தொட்டியின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரும் இருக்கின்றன. இங்கே விற்கப்படும் பல சிறு கார்களில் இவ்விரண்டும் இல்லை. இதன் விளைவு கல்வித்துறை கவனிக்க வேண்டியது. எரிபொருள் ஆவி அமைப்பின் மின்பழுதுகளைப் பற்றி ஆங்கிலத்தில் கிடைக்கும் நூல்களிலும் காணொளிகளிலும் பெரும்பங்கு அமெரிக்க வண்டிகளைப் பற்றியவை. அவற்றைப் படிக்கும் மாணவர், தன் முன்னால் நிற்கும் வண்டியில் இல்லாத பாகத்தைத் தேடுகிறார். கசிவு இருந்தால் விளக்கு எரியும் என்று நம்பிக்கொள்கிறார். இங்கே விளக்கு எரியாமல் இருப்பது கசிவின்மைக்குச் சான்றாகாது என்பதை அவருக்குச் சொல்லும் தமிழ்ப் பாடம் வேண்டும்.

குறுகிய கேள்வி குறுகிய விடையையே தரும் என்பதைப் பெருமாட்டி வேறொரு வகையில் அறிந்த ஊர். இந்த ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000-இல் கோக்க கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீரின் சுவை மாறியது என்றும், அதில் சமைக்க முடியவில்லை என்றும் மக்கள் கூறினர். 2002-இல் போராட்டம் தொடங்கியது. 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. வழக்கு 2005-இல் உயர் நீதிமன்ற அமர்வின் முன் வந்தபோது, விசாரணையின் மையம் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதாகவே இருந்தது. நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் என்பது விடையாயிற்று. ஆனால் ஆலையின் கழிவுச்சேற்றில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003-இலேயே பி.பி.சி. வானொலிக்காகச் செய்யப்பட்ட ஆய்வு காட்டியிருந்தது. நீர், மண், உழவு, உடல்நலம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேள்வி கேட்ட கேரள அரசின் உயர்நிலைக் குழு, 2010-இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஊர் ஒன்றே, ஆலையும் ஒன்றே. கேள்வியின் அகலம் மாறியதும் விடையும் மாறியது. ஒரு காரின் ஆவிக்கசிவை அந்த இழப்போடு ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. எதை அளப்பது என்று தீர்மானிக்கும்போதே எதைக் காணாமல் விடுவது என்பதும் தீர்மானிக்கப்படுகிறது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது நியாயமானதும்கூட. கசிவைக் கண்டறியும் சென்சாரும் கூடுதல் வால்வும் வண்டியின் விலையைக் கூட்டும். தொட்டி மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டாலே விளக்கு எரியும் தொல்லை அமெரிக்க உரிமையாளர்களுக்கு நன்கு பழகியது. விலைக்கு அஞ்சும் சந்தையில் இதைத் திணிக்கலாமா என்று கேட்கப்படும். விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதற்கு விடை. சென்சார் செய்யும் வேலையின் பெரும்பகுதியைப் பட்டறையில் ஒரு மனிதர் சில நிமிடங்களில் செய்ய முடியும். மின்சாரம் இல்லாத நிலையில் பர்ஜ் வால்வின் வழியே காற்று செல்லக்கூடாது. மின்சாரம் கொடுத்தால் செல்ல வேண்டும். கைப்பம்பு கொண்டு வெற்றிடம் ஏற்றி, அது நிலைக்கிறதா என்று பார்க்கலாம். 'டிக்' என்ற ஒலி மட்டும் சான்றாகாது. கரித்துகள் சிக்கிப் பாதி திறந்தே நிற்கும் வால்வும் அந்த ஒலியை எழுப்பும். பெட்ரோல் நிரப்பியவுடன் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுவது அப்படிப்பட்ட வால்வின் வழக்கமான அடையாளம். குழாய்களை விரலால் வளைத்து வெடிப்பைத் தேடலாம். தொட்டி மூடியின் வளையத்தைப் பார்க்கலாம். எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்ட இக்காலத்தில், பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களைப் பார்ப்பது முன்னெப்போதையும்விடத் தேவையானது.

ஆகவே கோரிக்கைகள் சில. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும், மின்பழுதுத் தேர்வு என்பது கெட்ட பாகத்தை மாற்றிக் காட்டுவதாக இருக்கக்கூடாது. வேண்டுமென்றே தடை சேர்க்கப்பட்ட சுற்றொன்றை மாணவரிடம் கொடுத்து, அவர் எந்தச் சாத்தியத்தை எந்தச் சோதனையால் விலக்கினார் என்று எழுதச் சொல்லி, அந்த எழுத்துக்கு மதிப்பெண் தர வேண்டும். ஆவி அமைப்பில் எந்த வேலை செய்தாலும், சுமையுடன் மின்சாரம், வால்வின் திறப்பும் அடைப்பும், குழாயும் மூடியும் ஆகிய மூன்றும் பார்க்கப்பட்ட பின்பே வேலை முடிந்ததாகக் கருதப்பட வேண்டும். இந்திய வண்டிகளின் அமைப்பை ஒட்டிய பழுதறியும் கையேடு தமிழில் எழுதப்பட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் இயந்திரப் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கியது. அந்த முயற்சியின் பயன் சித்தூர் வட்டத்தின் தமிழ் மாணவரையும் எட்ட வேண்டும். அந்தக் கையேடு ஃபியூஸ், கப்ளர், எர்த் என்று பட்டறை பேசும் சொற்களிலேயே இருந்தால்தான் பயன்படும்.

பாலக்காட்டிலும் கோவையிலும் உள்ள பொறியியல் கல்லூரிகளுக்கு இதில் தனிப்பங்கு உண்டு. கோடையில், சாலையில் ஓடும் பழைய வண்டிகளின் பர்ஜ் வால்வு, குழாய், மூடி ஆகியவற்றைச் சோதித்துப் பதிவு செய்யும் எளிய களஆய்வை இளநிலை மாணவர்களே நடத்தலாம். விளக்கு எரியாத வண்டிகளில் எத்தனை உண்மையில் ஆவியைக் காக்கின்றன என்ற எண் கையில் இருந்தால், விதியை மாற்றக் கோருவோரின் வாதம் வலுப்பெறும். மாசுச் சான்றிதழ்ச் சோதனையில் தொட்டி மூடியையும் பார்க்க வேண்டும் என்ற சிறு திருத்தத்திலிருந்து அதைத் தொடங்கலாம்.

வயர் சரியாக இருக்கிறது என்று வண்டி சொல்வது உண்மையாக இருக்கலாம். அதிலிருந்து ஆவி அடங்கியிருக்கிறது என்ற முடிவுக்குப் போக இடையில் பல படிகள் உள்ளன. அந்தப் படிகளை விதி இன்னும் கடக்கவில்லை. வகுப்பறையும் பட்டறையும் கடக்கலாம். அதற்கு டெஸ்ட் லாம்ப் ஒன்றும் கைப்பம்பு ஒன்றும் போதும்.